மீட்கப்பட்ட பெண்டிரும் நமது மருத்துவமும்

1996-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நேபாள நாட்டின் தலைநகராகிய காத்மாண்டுவுக்கு நூற்றிருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் வந்து சேர்ந்தனர். மும்பை மாநகரின் விலைமகளிர் விடுதிகளில் அடிமைகளாக அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். காவல் துறையினர் அவர்களை அவ்விடுதிகளிலிருந்து மீட்டதோ அதே ஆண்டு பிப்ரவரித் திங்களின் தொடக்கத்தில். தொடர்வண்டியிலும் பேருந்திலுமாகச் சில நாள்களில் கடந்துவிடக் கூடிய தொலைவு அது. அதனைக் கடக்க அந்தப் பெண்களுக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதத் தாமதத்திற்குக் காரணம் யாது? இக்கேள்வியைப் பின்பற்றிச் சென்றால், மனித வணிகத்திலிருந்து மீட்கப்படுவோர்க்கு மருத்துவம் எப்போது துணையாகின்றது, எப்போது தடையாகின்றது என்பது புலப்படும் என்று நாம் கருதுகின்றோம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். மும்பை விடுதிகளில் சிறுமியர் அடைத்து வைக்கப்பட்டிருப்பது பற்றிச் செய்தித்தாளில் வந்த கட்டுரையைக் கண்ணுற்ற பம்பாய் உயர்நீதிமன்றம், எவரும் வழக்குத் தொடுக்கக் காத்திராமல் தானாகவே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதன் தொடர்ச்சியாகக் காமாத்திபுரா முதலிய பகுதிகளில் நடந்த சோதனைகளில் நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வெளியே கொணரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேர் நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் அனைவரும் அரசினர் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டனர். இடநெருக்கடி மிகுந்த அந்தக் காப்பகங்களில் அவர்கள் தம் நாட்டின் அழைப்புக்காகக் காத்திருந்தனர். அழைப்பு வரவில்லை.

நேபாள அரசின் தயக்கத்திற்கு இரண்டு காரணங்கள் பேசப்பட்டன. தாங்கள் நேபாளத்தினர் என்று மெய்ப்பிக்கும் சான்று எதுவும் அப்பெண்களிடம் இல்லை என்பது ஒன்று. அவர்களின் இரத்தத்தில் எய்ட்ஸ் நோயின் கிருமி இருக்கும், அது நாட்டுக்குள் பரவிவிடும் என்ற அச்சம் மற்றொன்று. இமயமலைச் சிற்றூர்களில் இந்நோய்க்கு 'பம்பாய் நோய்' என்றே பெயர் வழங்கி வந்தது. ஊரின் பெயரை நோய்க்குச் சூட்டிய மக்கள், அவ்வூரிலிருந்து திரும்பும் பெண்ணைக் கண்டதும் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இறுதியில் அரசு அழைக்காததை ஏழு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்தன. அவை தமக்குள் பெண்களைப் பகிர்ந்துகொண்டு தத்தம் இல்லங்களில் இடமளித்தன. அனுராதா கொய்ராலா என்ற ஆசிரியை 1993-இல் தொடங்கிய 'மைத்தி நேபாள்' அவற்றுள் ஒன்று. நேபாள மொழியில் மைத்தி என்றால் மணமான பெண்ணின் தாய்வீடு. நாம் 'பிறந்தகம்' என்கின்றோமே, அதுதான்.

பொதுநலம் என்ற பெயரால் இங்கே நடந்ததைக் கூர்ந்து நோக்குவோம். நோய் பரவாமல் தடுப்பது ஓர் அரசின் கடமைதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்தக் கடமையைச் செய்யப் புகுந்தவர்கள் நோயையும் நோயாளியையும் பிரித்துப் பார்க்கத் தவறினர். கிருமியை நாட்டுக்குள் விடலாகாது என்ற எண்ணம், மகளை நாட்டுக்குள் விடலாகாது என்ற முடிவாயிற்று. அவள் விரும்பிப் பெற்ற நோயன்று அது. அவளை விற்றவர்கள் அவள்மீது ஏற்றிய நோய்.

<b>நம் சென்னையிலும்</b>

நேபாளத்தைக் குறை கூறி நாம் நிறுத்திக்கொள்ள இயலாது. இதே தவறு அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே நம் சென்னையில் தலைகாட்டியது. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் மருத்துவர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற நிர்மலாவும், பாலியல் தொழில் தொடர்பாகப் பிடிக்கப்பட்டுச் சென்னையில் ஓர் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு பெண்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறே. மருத்துவ வரலாற்றில் அது பெரிய பணி. பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் முயற்சிகளுக்கு வித்திட்ட பணி. ஆயினும், இரத்தம் எதற்காக எடுக்கப்படுகின்றது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்றும், பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் எண்ணினர் என்றும் நிர்மலா பிற்காலத்தில் மனம் திறந்து கூறியிருக்கின்றார். அக்காலத்து வழக்கம் அவ்வாறு இருந்தது.

அதன்பின் நடந்ததே நம்மை வருத்துகின்றது. தண்டனைக் காலம் முடிந்த பின்னரும், இரத்தத்தில் கிருமி இருந்த ஒரே காரணத்தால் சில பெண்கள் வெளியே விடப்படவில்லை. ஷியாமளா நடராஜ் என்ற பெண் பத்திரிகையாளர் சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்த பின்னரே, 1990-இல் அவர்களுக்கு விடுதலை கிட்டியது. நோய் கண்டவர் மருத்துவமனைக்குச் செல்வது உலக வழக்கம். இங்கோ நோய் கண்டதனாலேயே பூட்டிய கதவு திறக்க மறுத்தது. அதுவும், சிகிச்சை எதுவும் அளிப்பதற்காக அன்று. அந்நாளில் அளிப்பதற்குச் சிகிச்சையும் இல்லை.

<b>எண்கள் சொல்லுவது</b>

மும்பையிலிருந்து மீண்டு வந்தவர்களின் உடல்நிலை எவ்வாறு இருந்தது? அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. 1997 முதல் 2005 வரை மைத்தி நேபாள் இல்லத்திற்கு வந்து சேர்ந்த 287 பெண்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 109 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 38 பேருக்கு, எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. விற்கப்பட்ட வயது தெளிவாகத் தெரிந்தவர்களுள் 33 பேர் பதினைந்து வயது நிறைவதற்கு முன்பே விற்கப்பட்டவர்கள். அந்த 33 பேரில் 20 பேருக்குத் தொற்று இருந்தது. அடைபட்டிருந்த ஒவ்வொரு மாதமும் ஆபத்தைக் கூட்டிக்கொண்டே சென்றது.

வாசகர்கள் இந்த இரண்டாவது எண்ணிடம் சற்றே நின்று நோக்க வேண்டுகின்றோம். மிக இளையவர்களிடம் தொற்று மிகுந்திருப்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் காரணங்கள் பல. வளர்ச்சியடையாத உடல் எளிதில் காயமுறும். காயத்தின் வழியே கிருமி எளிதில் புகும். சிறுமியிடம் நோய் இராது என்ற மூடநம்பிக்கையால் அவர்களை நாடி வருவோர் மிகுதி. மறுத்துப் பேசும் வலிமையோ, பாதுகாப்புக் கேட்கும் துணிவோ அவர்களுக்கு இல்லை. ஆகவே 'நோயைக் கொண்டு வருவார்கள்' என்று நாடு அஞ்சிய பெண்களுள், மிகுதியாக நோயுற்றிருந்தவர்கள் மிகுதியாக ஏமாற்றப்பட்ட குழந்தைகளே.

நெஞ்சை உறுத்தும் மற்றொன்றும் உண்டு. அப்பெண்கள் காத்மாண்டுவில் வந்திறங்கிய அதே 1996 ஜூலையில்தான், கனடா நாட்டின் வான்கூவர் நகரில் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டில், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இக்கிருமியை அடக்கி வைக்கலாம் என்ற செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த மருந்து இந்திய அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படலானது 2004 ஏப்ரலில்; நம் தாம்பரம் மருத்துவமனை முதலில் வழங்கிய இடங்களுள் ஒன்று. நேபாளத்திலும் அது 2004-இல்தான் கிடைக்கத் தொடங்கியது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் இல்லங்களில் இருந்த சகோதரிகளும் செவிலியரும் செய்யக் கூடியது, வந்த நோய்களுக்கு மருந்து கொடுப்பதும் அருகில் அமர்ந்திருப்பதுமே ஆகும்.

<b>இரத்தத்திற்கு அப்பால்</b>

எய்ட்ஸைப் பற்றிய அச்சம் இன்னொரு தீங்கையும் விளைத்தது. பிற நோய்களை அது மறைத்துவிட்டது. மீட்கப்பட்ட பெண் வந்ததும் இரத்தத்தைச் சோதித்து, கிருமி இல்லை என்று கண்டால், 'நலமாக இருக்கின்றாள்' என்று எழுதிவிடும் பழக்கம் ஏற்பட்டது. அவள் நலமாகவா இருந்தாள்?

இலண்டன் மாநகரத்தின் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கேத்தி சிம்மர்மனும் அவருடைய துணைவர்களும் ஐரோப்பிய நாடுகளில் காப்பகங்களுக்கு வந்த 207 பெண்களைச் சந்தித்து 2006-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். 'களவாடப்பட்ட புன்னகைகள்' என்பது அதன் தலைப்பின் பொருள். அப்பெண்களுள் நூற்றுக்கு 95 பேர் அடி உதையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தவர்கள். ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர், விற்கப்படுவதற்கு முன்பே தம் வீட்டிலோ ஊரிலோ வன்முறைக்கு ஆளானவர்கள். இதைப் படித்தபோது நமக்குத் தோன்றியது ஒன்று: 'வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்' என்று மகிழ்வதற்கு முன், அது எத்தகைய வீடு என்று கேட்க வேண்டாமா?

பாதிக்கும் மேற்பட்டோர்க்கு ஒரே சமயத்தில் பத்துக்கும் மேற்பட்ட உடல் நோவுகள் இருந்தன. அவை என்னென்ன? பெயர் தெரியாத கொடுநோய்கள் அல்ல. ஐவரில் நால்வர்க்குத் தலைவலி. ஐவரில் நால்வர்க்குத் தீராத களைப்பு. அதற்கடுத்து மயக்கம், முதுகுவலி, வயிற்றுவலி, மறதி. நம் பங்கு மருந்தகத்துக்கு வரும் எந்தப் பெண்ணும் சொல்லக் கூடிய நோவுகள்தாம் இவை. அதனால்தான் இவை கவனிக்கப்படாமல் போகின்றன. தலைவலிக்கு ஒரு மாத்திரை தந்து அனுப்பிவிடுகின்றோம். சுவரில் மோதப்பட்ட தலை அது என்று கேட்டறிய நமக்கு நேரம் இருப்பதில்லை.

மனத்தின் காயம் இதனினும் ஆழமானது. காத்மாண்டுவில் தொண்டு நிறுவனங்களின் பராமரிப்பில் இருந்த 164 பெண்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வொன்று, பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்டவர்கள் அனைவரிடமும் மனச்சோர்வு காணப்பட்டதாகக் கூறுகின்றது. வீட்டு வேலைக்கும் சர்க்கஸ் கூடாரங்களுக்கும் விற்கப்பட்டவர்களிடமோ அது ஐவரில் நால்வர்க்கு இருந்தது. மனித வணிகம் என்றவுடன் விடுதிகளை மட்டுமே நினைக்கும் நமக்கு இது ஒரு திருத்தம். நேபாளச் சிறுமியர் பலர் இந்தியச் சர்க்கஸ் குழுக்களுக்கு விற்கப்பட்டு வந்தனர். சர்க்கஸில் குழந்தைகளைப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2011 ஏப்ரலில்தான் ஆணை பிறப்பித்தது. கயிற்றின்மேல் நடந்த சிறுமியைக் கண்டு கைதட்டியவர்களுள் நம்மவரும் இருந்திருப்பர்.

<b>மறதியும் நீதிமன்றமும்</b>

மறதியைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச விரும்புகின்றோம். மருத்துவரும் வழக்குரைஞரும் ஒருவரையொருவர் அறியாமல் பிழை செய்யும் இடம் இது.

மீட்கப்பட்ட பெண்ணிடம் முதல் நாளே காவல்துறையினர் கேள்வி கேட்கின்றனர். பின்னர் நடுவர், பின்னர் காப்பக அதிகாரி, பின்னர் மருத்துவர், பின்னர் தொண்டு நிறுவனத்தார், சில வேளைகளில் செய்தியாளரும். எத்தனை வயதில் உன்னை அழைத்து வந்தனர்? யார் அழைத்து வந்தது? எந்த மாதம்? எத்தனை பேர் கையில் மாறினாய்? அவள் ஒரு நாள் சொன்னதற்கும் மற்றொரு நாள் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கும். நாள் மாறும், வழி மாறும், ஆளின் பெயரும் மாறும். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி, 'இவள் பொய் சொல்கின்றாள்' என்பார். நடுவரும் ஐயுறுவார். இலண்டன் அறிக்கையோ, ஐவரில் மூவர் நினைவாற்றல் குறைந்து துன்புற்றனர் என்று காட்டுகின்றது. அடி, பட்டினி, உறக்கமின்மை, வலிந்து புகட்டப்பட்ட மதுவும் மயக்க மருந்தும் ஆகிய இவற்றால் குலைந்த நினைவு நாள்காட்டியைப்போல் பேசாது. அச்சம் மிகுந்த நேரத்தில் மனம் சிலவற்றை மிகத் துல்லியமாகப் பற்றிக்கொள்ளும். சிலவற்றை முற்றிலும் விட்டுவிடும். அறையின் சுவரில் இருந்த வண்ணம் நினைவிருக்கும். எத்தனை மாதம் அங்கே இருந்தாள் என்பது நினைவிராது.

உடல் நோவுகள் முதல் மாதத்திற்குள் பெரிதும் குறைந்ததையும், மனநோவுகள் தணியத் தொண்ணூறு நாள்களாவது தேவைப்பட்டதையும் அதே அறிக்கை குறித்துள்ளது. எனவே அவளைச் சான்று கூற வற்புறுத்தாமல் மூன்று மாத காலம் விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஐரோப்பிய மன்றத்தின் 2005-ஆம் ஆண்டு உடன்பாடு, ஆறுதலுக்கும் சிந்தனைக்கும் குறைந்தது முப்பது நாள்கள் தர வேண்டும் என்று விதித்திருக்கின்றது. முப்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையிலான அந்த அறுபது நாள்களை எந்தச் சட்டம் ஈடுசெய்யும் என்று நமக்குத் தெரியவில்லை. குற்றவாளி தப்பிவிடுவான் என்ற காவல்துறையின் கவலையும் நியாயமானதே. ஆனால் தெளிவடையாத மனத்திடமிருந்து அவசரமாகப் பெற்ற வாக்குமூலத்தால் தப்பிய குற்றவாளிகளும் உண்டல்லவா?

<b>முதல் நாள் செய்ய வேண்டியது</b>

அவ்வாறாயின் நல்ல பராமரிப்பு எது? உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் இத்தகைய பெண்களிடம் பேசுவோர்க்காகப் பத்து நெறிகளை வகுத்தளித்தது. முதலாவது நெறி, தீங்கு செய்யாதே என்பது. புலம்பெயர்வோர்க்கான பன்னாட்டு அமைப்பு 2009-இல் மருத்துவப் பணியாளர்க்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. இவற்றையெல்லாம் படிப்போர்க்கு வியப்பு ஒன்று காத்திருக்கின்றது. பெரிய கருவிகளோ விலையுயர்ந்த மருந்துகளோ அல்ல அவை முதலில் கேட்பவை.

அவளோடு வந்திருப்பவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள்; அவளைத் தனியே காணுங்கள். உடன் வந்தவரே அவளுக்காகப் பேசுகின்றாரா, அவள் வாய் திறக்கும் முன் அவர் விடை சொல்கின்றாரா என்று கவனியுங்கள். அவளுடைய மொழி தெரிந்தவர் வேண்டுமென்றால், அவளுடைய ஊராரை அழைக்காதீர்கள். ஊரார் வழியே செய்தி ஊருக்குச் சென்றுவிடும், விற்றவனுக்கும் சென்றுவிடும். இயன்றவரை பெண் மருத்துவர் இருக்கட்டும். ஆடை களையச் சொல்வதற்கு முன் ஏன் என்று சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். பல மாதங்களாக 'வேண்டாம்' என்ற அவள் சொல்லுக்கு எவரும் செவிசாய்த்ததில்லை. அச்சொல் மதிக்கப்படும் முதல் இடம் மருத்துவரின் அறையாக இருக்குமானால், அதுவே சிகிச்சையின் தொடக்கம்.

பின்னர் செய்ய வேண்டிய சோதனைகள் பல. காற்றோட்டமற்ற நெருக்கமான அறைகளில் இருந்தவர்களுக்குக் காசநோய் வந்திருக்கலாம்; எச்.ஐ.வி. உள்ளவரிடம் அது விரைந்து பரவும். மஞ்சள்காமாலைக் கிருமி, பால்வினை நோய்கள், இரத்தசோகை, பல், கண், பழைய எலும்பு முறிவு, கருவுற்றிருத்தல் ஆகிய இவை அனைத்தையும் பார்க்க வேண்டும். இவற்றை ஒரே நாளில் வரிசையில் நிறுத்திச் செய்வது எளிது. பல நாள்களில், அவளிடம் ஒவ்வொன்றையும் விளக்கிச் செய்வது கடினம். கடினமானதே சரியானது. சிறுமி என ஐயமுற்றால் வயதை அறிய எலும்பை எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் உண்டு. அதுவும் துல்லியமானதன்று, ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாகவே சொல்லும். ஐயம் எழுமிடத்தில் அவளைக் குழந்தையெனக் கொள்வதே பாதுகாப்பு.

இவையனைத்துக்கும் முன்பாக வேறொன்று உண்டு. நீர், உணவு, குளியல், மாற்றுடை, உள்ளிருந்து தாழிடக் கூடிய ஓர் அறை, உறக்கம். அவளை அடைத்து வைத்த அறைக்கு வெளியிலிருந்துதான் தாழ் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2009 முதல் துறவியரின் பன்னாட்டு வலையமைப்பாக இப்பணியில் ஈடுபட்டிருக்கும் 'தலித்தா கும்' என்ற அமைப்பின் பெயர், சிறுமியை எழுந்திருக்கச் சொன்ன அரமேயச் சொல்லிலிருந்து வந்தது. நற்செய்தியில் அந்தச் சிறுமி எழுந்து நடந்தவுடன், கூடியிருந்தோர் திகைத்து நிற்க, ஆண்டவர் சொன்னது அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியே. மருத்துவம் பயின்றோர் இதனை நன்கு உணர்வர்.

எச்.ஐ.வி. சோதனையைப் பொறுத்தவரை நம் நாட்டில் சட்டம் இன்று தெளிவாக இருக்கின்றது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, விளக்கம் கூறி ஒப்புதல் பெறாமல் எவரையும் சோதிக்கலாகாது. முடிவை அவர் ஒப்புதலின்றிப் பிறருக்குத் தெரிவிக்கலாகாது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுத்துநர் பேச வேண்டும். காப்பகத்தின் பொதுப் பதிவேட்டில் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறியிடுவது போன்ற பழைய பழக்கம் எங்கேனும் எஞ்சியிருக்குமானால் அது குற்றம் என்பதை நம் நிறுவனங்களை நடத்துவோர் அறிந்திருத்தல் நலம்.

உலக நாடுகளின் உடன்பாட்டையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். பலெர்மோ நகரின் பெயரால் வழங்கும் 2000-ஆம் ஆண்டு உடன்பாட்டின் ஆறாம் பிரிவு, மீட்கப்பட்டோர் உடலாலும் உள்ளத்தாலும் சமூக வாழ்விலும் மீண்டெழ வழிசெய்வது பற்றிப் பேசுகின்றது: உறைவிடம், புரியும் மொழியில் ஆலோசனை, மருத்துவம், பொருளுதவி, கல்வி, வேலை. இந்தியா 2011-இலும் நேபாளம் 2020-இலும் இதில் இணைந்தன. ஆனால் அந்தப் பிரிவு அரசுகளைச் 'செய்ய வேண்டும்' என்று கட்டாயப்படுத்தவில்லை. செய்வது பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றது. குற்றவாளியைத் தண்டிக்கும் பிரிவுகளில் இந்தத் தயக்கம் இல்லை.

<b>தாங்களே தங்களுக்கு</b>

1996-இல் திரும்பி வந்த அந்தப் பெண்களிடம் மீண்டும் வருவோம். இல்லங்களில் அவர்களுக்குத் தையலும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. பெண்களின் உரிமைகளைப் பற்றியும் சொல்லப்பட்டது. அப்போதுதான், நடந்தது தம் குற்றமன்று என்பதைத் தாம் உணர்ந்ததாக அவர்கள் பின்னாளில் கூறினர். அவர்களுள் ஏறத்தாழப் பதினைந்து பேர் சேர்ந்து 'சக்தி சமூகா' என்ற அமைப்பைத் தொடங்கினர். விற்கப்பட்டு மீண்ட பெண்கள் தாங்களே நடத்தும் அமைப்பு அது. அதனைப் பதிவு செய்யச் சென்றபோது குடியுரிமைச் சான்று கேட்கப்பட்டது. தந்தையோ கணவனோ முன்வந்து கையொப்பமிட்டால்தான் பெண்ணுக்கு அச்சான்று கிடைக்கும் என்றிருந்த காலம். வீட்டார் சேர்த்துக்கொள்ளாத மகளுக்குக் கையொப்பமிட எந்தத் தந்தை வருவார்? 2000-இல்தான் பதிவு கிட்டியது.

அவ்வமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவர் சரிமாயா தாமாங். பதினாறு வயதில் விற்கப்பட்டு இருபத்திரண்டு மாதங்கள் மும்பையில் அடைபட்டிருந்தவர். ஊர் திரும்பியதும் ஏச்சும் புறக்கணிப்புமே அவரை எதிர்கொண்டன. ஆயினும் தம்மை விற்றவர்கள் மீது தாமே நேரில் சென்று வழக்குப் பதிந்தார். நேபாளத்தில் அவ்வாறு செய்த முதல் பெண் அவரே. 1997-இல் மாவட்ட நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2013-இல் சக்தி சமூகாவுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

விருதைவிட நாம் பெரிதாக மதிப்பது வேறு. மீட்கப்பட்டுப் புதிதாக வரும் சிறுமியின் அருகில் அமர்பவர், அதே துன்பத்தைத் தாண்டி வந்தவராக இருக்கின்றார். பட்டம் பெற்ற ஆற்றுப்படுத்துநர் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. மனநோய் முற்றியவர்க்கு மனநல மருத்துவரே வேண்டும். ஆனால் இரவில் அலறி விழிக்கும் சிறுமியிடம், 'எனக்கும் இப்படித்தான் இருந்தது. பிறகு குறைந்தது' என்று சொல்லும் தகுதி ஒருத்திக்கே உண்டு. இதற்கு எந்தக் கல்லூரியிலும் சான்றிதழ் தருவதில்லை.

<b>ஊருக்குத் திரும்பிய பின்</b>

காப்பகத்தில் நல்ல பராமரிப்புப் பெற்றவரும், ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் மருந்தை விட்டுவிடுவது உண்டு. காரணம் எளியது. எச்.ஐ.வி. மருந்தை வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். அதனைப் பெறக் குறித்த நாள்களில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிற்றூரில் ஒரு பெண் மாதந்தோறும் காலையில் பேருந்தேறி மாலையில் திரும்பினால், எங்கே சென்றாள் என்று தெருவே கேட்கும். மருந்துப் புட்டியின் மேலுறையைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் மாத்திரைகளை வைத்துக்கொள்வோர் உண்டு. மாமியார் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் மறைப்போரும் உண்டு. ஆகவே அவளை அனுப்புவதற்கு முன்பே சிலவற்றைத் தீர்த்தாக வேண்டும். எந்த மருத்துவமனை? சொந்த ஊரிலா, அடுத்த நகரிலா? இதனை அவளே தெரிவு செய்யட்டும். மாதந்தோறும் வெளியே செல்வதற்கு ஊரார் ஏற்கும் ஒரு வேலையோ பயிற்சியோ அமைக்க இயலுமா? வீட்டில் ஒருவருக்கேனும் உண்மை தெரிய வேண்டும் என்று அவள் விரும்புகின்றாளா? விரும்பினால் அது யார்?

பங்குகளில் இத்தகைய இல்லங்களின் தொடர்பில் இருக்கும் கன்னியரும் பெண்கள் பணிக்குழுவினரும் இதில் உதவ இயலும். ஆபத்தில் சிக்கிய குழந்தையைப் பற்றித் தெரிவிக்க 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்கள் நம் நாட்டில் இருக்கின்றன. ஆலய அறிவிப்புப் பலகையில் அவற்றை எழுதி வைக்கலாம். ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணை நோக்கி 'இத்தனை நாள் எங்கே இருந்தாய்?' என்று வினவும் பழக்கத்தை மட்டும் அன்பியக் கூட்டங்களில் எடுத்துச் சொல்லித் தவிர்க்கலாம். மருத்துவமனைக்குச் சென்று வர வழிச்செலவு யார் தருவது, அன்றைய கூலி இழப்பை யார் ஈடுசெய்வது என்பவற்றை, அவள் ஊர் திரும்பும் நாளுக்கு முன்னரே முடிவு செய்து, கன்னியர் இல்லத்துக் கணக்கில் அவள் பெயரைக் குறிக்காமல் எழுதி வைத்தல் வேண்டும்.